கைகட்டி நிற்கப் பழக்குதல்: ஆட்டிசச் சிகிச்சையும் கீழ்ப்படிதலின் அரசியலும்

“பசியோட கூட்டிட்டு வாங்கம்மா. வயிறு ரொம்பியிருந்தா சொன்ன பேச்சைக் கேக்க மாட்டான்.”

என் அக்காவின் ஏழு வயதுப் பையனைப் பற்றி ஒரு தனியார் தெரபி சென்டரில் சொன்ன வார்த்தை இது. சொன்ன அம்மா கெட்டவர் இல்லை. படித்ததைச் சொன்னார். அக்காவும் “சரிங்க மேடம்” என்று தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் சுருக்கென்றது. இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். எங்க ஆயா சொல்லும். அறுப்புக் கூலியில் கை வைத்துவிட்டு ஆண்டை வீட்டில் பேசுவார்களாம்: சேரி ஆளுக்கு வயிறு ரொம்பிட்டா நாளைக்கு வேலைக்கு வரமாட்டான்.

பசியை வைத்து வேலை வாங்குகிற வித்தை ஆண்டைகளுக்குத் தெரியும். அது ஒரு விஞ்ஞானமாகவும் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வழிவந்த ஆய்வுக்கூடங்களில் புறாவுக்குத் தீனியைக் குறைத்து, அதன் இயல்பான எடையில் ஐந்தில் ஒரு பங்கை இறக்கிவிட்டுத்தான் சோதனையையே தொடங்குவார்கள். பசித்த புறாதான் தானியத்துக்காகப் பொத்தானைக் கொத்தும். கொத்தினால் தானியம், கொத்தாவிட்டால் பட்டினி. புறாவின் மனசில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. வெளியே தெரிகிற நடத்தை மட்டும்தான் கணக்கு. இந்தப் புறாக்கூண்டிலிருந்து வந்ததுதான் இன்றைக்கு ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உலகம் முழுக்க விற்கப்படுகிற நடத்தைச் சிகிச்சை. ‘அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’ என்று பெயர். சுருக்கமாக ஏபிஏ.

சென்டரில் நான் பார்த்தது இதுதான். சின்ன அறை. மேசை. எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தெரபிஸ்ட் கையில் ஜெம்ஸ் மிட்டாய். “என்னைப் பாரு.” பையன் ஃபேனைப் பார்க்கிறான். “என்னைப் பாரு.” இப்போது கையை உதறுகிறான். அவனுக்குச் சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் கை அப்படித்தான் பறக்கும். “கையை மடியில வை.” அந்தம்மா அவன் இரண்டு கையையும் பிடித்து மடியில் அழுத்துகிறார். அரை நொடி அவர் முகத்தைப் பார்க்கிறான். “குட் பாய்!” ஒரு மிட்டாய். தாளில் ஒரு டிக். மறுபடி முதலிலிருந்து. முக்கால் மணி நேரம் இதே. கடைசியில் அவன் பார்க்கச் சொன்னால் பார்க்கிறான், கையை மடியில் வைத்திருக்கிறான். “நல்ல இம்ப்ரூவ்மென்ட்மா” என்கிறார்கள். பஸ்ஸில் வரும்போது தன் கையைத் தானே கடித்துக்கொண்டு வந்தான். அந்தத் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது.

இந்தச் சிகிச்சையை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம் என்று தோன்றியது. எவன் எழுதினான், யார் உடம்பின் மேல் எழுதினான் என்று.

முதலில் பெயர். நம் அரசுக் காகிதங்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்றும் ‘மதியிறுக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தவன் வைத்த பெயர் இது. உள்ளே இருக்கிறவனைக் கேட்டு வைத்ததில்லை. புற உலகச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று பெயர்! நமக்கு எவனெவனோ பெயர் வைத்த வரலாறு நமக்குத் தெரியும் என்பதால் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சைக்கு உருக் கொடுத்தவர் ஓலே இவார் லோவாஸ். நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2010இல் இறந்தார். 1965இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஓர் ஆய்வை வாசித்தேன். ஐந்து வயது இரட்டைப் பையன்கள். அறையின் தரையில் உலோகப் பட்டைகள். அதில் மின்சாரம். பெரியவர் கூப்பிட்டதும் போகாவிட்டால் காலில் ஷாக். பெரியவரிடம் ஓடினால் ஷாக் நிற்கும். பையன்கள் ஓடினார்கள், ஒட்டிக்கொண்டார்கள். சமூக நடத்தை வளர்ந்தது என்று முடிவு எழுதினார்கள். சுடுகிற தரையிலிருந்து தப்பிக்க ஒருவன் உன் மேல் ஏறினால் அதை அன்பு என்று எழுதுகிற தைரியம் அதிகாரத்துக்கு மட்டுமே உண்டு. ‘எங்க பண்ணை ஆளுங்க எங்க மேல உசிரையே வச்சிருந்தாங்க’ என்று பெருமை பேசுகிற ஆண்டைகளின் நினைவுக் குறிப்புகளும் இந்த இலக்கிய வகையைச் சேர்ந்தவைதான்.

அதே 1965இல் லைஃப் பத்திரிகை அவருடைய கூடத்தைப் பற்றிப் படங்களோடு கட்டுரை போட்டது. கத்துவதும் அறைவதும் ஷாக் கொடுப்பதும் சிகிச்சையாகவே காட்டப்பட்டன. 1974இல் ஒரு பேட்டியில் லோவாஸ் தன் தத்துவத்தை மறைக்காமல் சொன்னார். இந்தக் குழந்தைகளுக்கு முடி, மூக்கு, வாய் என்று உடம்பு இருக்கிறது, உளவியல் அர்த்தத்தில் இவர்கள் ஆட்கள் இல்லை, ஆளை நாம்தான் கட்டி எழுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். ஆளாக்குகிறோம், மனுஷனாக்குகிறோம் என்று வந்தவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். எதிரில் இருப்பவன் இன்னும் மனுஷன் ஆகவில்லை என்று தீர்மானித்துவிட்டால் அவனை என்ன செய்தாலும் அது பாவமில்லை, சேவை.

1974இலேயே இன்னொரு ஆய்வு, லோவாஸும் ஜார்ஜ் ரெக்கர்ஸும் சேர்ந்து எழுதியது. ஐந்து வயதுப் பையன் ஒருவன். ஆட்டிசம் இல்லை. பொம்பளை மாதிரி கையை ஆட்டுகிறான், பொம்மை வைத்து விளையாடுகிறான் என்பதுதான் அவன்மேல் இருந்த குற்றம். ஆம்பளை மாதிரி இருந்தால் நீல வில்லை, பரிசு. பொம்பளை மாதிரி இருந்தால் சிவப்பு வில்லை, அதற்கு அப்பன் கையால் அடி. குணமாகிவிட்டான் என்று எழுதினார்கள். அந்தப் பையன் வளர்ந்து 38 வயதில், 2003இல் தற்கொலை செய்துகொண்டார். கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் 2020இல்தான் அதைப் பற்றிக் கவலை தெரிவித்து ஒரு குறிப்புப் போட்டது. ஆட்டிசப் பிள்ளையின் உதறுகிற கை, அந்தப் பையனின் ஆட்டுகிற கை. இரண்டு கையையும் மடியில் அழுத்தியது ஒரே விஞ்ஞானம். நோய் என்பது உடம்புக்குள் இருந்ததா, பார்த்தவன் கண்ணில் இருந்ததா?

1987இல் லோவாஸுக்குப் பெரும்புகழ் தந்த ஆய்வு வந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்ற குழந்தைகளைப் போலவே ஆகிவிட்டார்கள் என்றது. இந்த 40 மணி நேரம் வேதவாக்காகிவிட்டது. யார் எந்தக் குழுவில் சேர்வது என்பது குலுக்கலில் தீர்மானிக்கப்படவில்லை என்பதையும், தொடையில் அறைவதும் உரக்க ‘நோ’ என்று அதட்டுவதும் அந்தப் பயிற்சியில் இருந்தது என்பதையும் சென்டர்காரர்கள் யாரும் சொல்வதில்லை. இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு வாரம் 40 மணி நேரம்! கூலிக்காரனுக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் வாங்கவே எத்தனை உயிர் போனது.

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப அடியும் கிடையாது, ஷாக்கும் கிடையாது” என்று பதில் வரும். பெரும்பாலான இடங்களில் இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேன்டன் நகரில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் சிலருடைய உடம்பில் மின்கருவியைக் கட்டி, ‘தவறான’ நடத்தைக்கு ரிமோட்டில் ஷாக் கொடுத்தார்கள். 2002இல் 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் கோட்டைக் கழற்று என்று சொன்னதற்குக் கழற்றவில்லை. அவரைக் குப்புறக் கட்டிப்போட்டு மணிக்கணக்கில் 31 முறை ஷாக் கொடுத்தார்கள். 2012இல் அந்த வீடியோ நீதிமன்றத்தில் காட்டப்பட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 2013இல் சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் இந்த ஷாக் முறையைக் கண்டித்தார். 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கருவியைத் தடை செய்தது. 2021இல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2022 கடைசியில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. 2024 மார்ச்சில் நிர்வாகம் தடையை மறுபடி முன்மொழிந்தது. ஒரு மனுஷனுக்குக் கரண்ட் வைக்கக்கூடாது என்று சொல்ல ஒரு வல்லரசுக்கு இத்தனை வருஷம். அந்த மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீனோக்கள். இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

சரி, ஷாக்கை விடுவோம். மிட்டாய்க்கு வருவோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியில் கட்டப்பட்டபடியே தீயில் கருகிச் செத்தபோது சங்கிலி வன்முறை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மிட்டாய் வன்முறையாகத் தெரிவதில்லை. ஒழுங்கு என்பது உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பணிகிற உடலைத் தயாரிக்கிற நுட்பம் என்று மிஷல் ஃபூக்கோ 1975இல் எழுதியது நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் பட்டாளத்தையும் சிறையையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி எழுதினார். இந்த மேசையையும் இரண்டு நாற்காலியையும் சேர்த்துக்கொள்ளலாம். அடியும் மிட்டாயும் கருவிகள்தான். கேள்வி, எதைச் சாதிக்க இந்தக் கருவிகள் என்பது. சென்டர் கொடுத்த தாளில் முதல் இலக்கு ‘கட்டளைக்குக் கீழ்ப்படிதல்’. இரண்டாவது ‘கண் பார்த்தல்’. மூன்றாவது ‘கைகளை அமைதியாக வைத்தல்’. பசிக்கிறது என்று சொல்லத் தெரிவதும், வலிக்கிறது என்று சொல்லத் தெரிவதும் அதற்கப்புறம்தான். ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிவது பட்டியலிலேயே இல்லை.

கைகட்டி, வாய்பொத்தி நிற்பது என்றால் என்னவென்று தமிழில் யாருக்கும் அகராதி பார்க்கத் தேவையில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டி, கண்ணைத் தாழ்த்தி நின்ற உடம்புகள் எங்கள் தாத்தன், முப்பாட்டன் உடம்புகள். அவர்கள் கண்ணை நிமிர்த்திப் பார்த்தது குற்றம். இந்தப் பையன் கண்ணைப் பார்க்காதது குற்றம். எதிரெதிர்தான். ஆனால் விதி ஒன்று: உன் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை நீ தீர்மானிக்கக் கூடாது.

சாதியும் ஆட்டிசமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதி, சமூகம் உண்டாக்கிய இழிவு. ஆட்டிசம், பிறக்கும்போதே மூளை வேறு விதமாக அமைந்திருப்பது. அந்தப் பிள்ளைக்கு உண்மையான கஷ்டங்கள் உண்டு. மிக்ஸி சத்தத்தில் துடிக்கிறான், பேச்சு வரவில்லை, ராத்திரி தூங்குவதில்லை. புரட்சி வந்தாலும் மிக்ஸி சத்தம் போடும். ஆனால் அந்த வித்தியாசத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கிற இடத்தில் வேலை செய்வது நமக்குத் தெரிந்த அதே அதிகாரம்தான்.

ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியல் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, குறை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதப்படுகிறது என்றார். இதைப் படித்தபோது நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. ஊரைப் பற்றிச் சேரிக்கு எல்லாம் தெரியும். எந்தத் தெருவில் எப்படி நடப்பது, யாரிடம் என்ன தொனியில் பேசுவது, எல்லாம். தெரியாவிட்டால் அடி விழும். சேரியைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமில்லை. புரிந்துகொள்கிற வேலை எப்போதும் கீழே இருப்பவன் தலையில்தான். நடத்தைச் சிகிச்சை என்பது இந்த வேலையை ஏழு வயதுப் பிள்ளை தலையில் கட்டுவது.

அந்த வேலைக்கு விலை உண்டு. நகரத்தில் சாதியை மறைத்து வாடகை வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த விலை தெரியும். பேச்சு, சாப்பாடு, சாமி படம் எல்லாவற்றிலும் ஒரு கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களை மறைத்துக்கொண்டு இயல்பானவர்களாக நடிப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018இல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. நடிக்கக் கற்றுக்கொடுப்பதைத்தான் இங்கே முன்னேற்றம் என்று டிக் போடுகிறார்கள். பெரியவர் எவர் சொன்னாலும் கேள், தொட்டால் விலகாதே, கையைத் தட்டிவிடாதே என்று வருஷக்கணக்கில் பழக்கப்பட்ட ஒரு பெண்பிள்ளைக்கு, தப்பான கை படும்போது மட்டும் ‘தொடாதே’ என்று கத்த எங்கிருந்து தைரியம் வரும்? நம் பெண்கள் இதை யோசிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பலன் நிச்சயமா? 2020இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று சிறு குழந்தைகளுக்கான ஆட்டிசச் சிகிச்சை ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. அளப்பவர்களின் சார்பு கலக்காத அளவைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தச் சிகிச்சை வகைக்கும் உறுதியான பலன் தெரியவில்லை. அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் காப்பீட்டில் ஏபிஏ பெற்றவர்களைப் பற்றி அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2019இல் கொடுத்த அறிக்கை, 12 மாதத்துக்குப் பிறகு 76 விழுக்காட்டினரிடம் மாற்றம் இல்லை அல்லது சொற்பம், 9 விழுக்காட்டினர் மோசமாகியிருந்தனர் என்றது. ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. பிளாக்ஸ்டோன் என்கிற மாபெரும் முதலீட்டு நிறுவனம் 2018இல் அமெரிக்காவின் பெரிய ஏபிஏ நிறுவனம் ஒன்றை வாங்கியது. 2023இல் அது திவாலானது. பிள்ளையின் கண் பார்வைக்கு மணிக்கணக்கில் பில் போட முடியும் என்று மூலதனம் கண்டுகொண்ட கதை இது. அந்தச் சங்கிலியின் இந்தக் கடைசியில் எங்கள் அக்கா கம்மலை அடகு வைத்து மூணு மாசப் பீஸ் கட்டியிருக்கிறாள்.

தாளில் இன்னொரு இலக்கும் இருந்தது: ‘மேசையில் உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிடுதல்’. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. யாரும் ஸ்பூனால் சாப்பிடுவதும் கிடையாது. தரையில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி. ‘இயல்பு’ என்று இவர்கள் அளக்கிற படியை எந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள் என்பது அந்த ஒரு குறியில் தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அவள் கோபப்பட்டாள். “நீ பத்திரிகையில எழுதிட்டுப் போயிடுவ. அவன் செவுத்துல மண்டைய மோதுறப்ப நாந்தான புடிக்கிறேன். நாளைக்கு நான் செத்துட்டா யாரு இருக்கா அவனுக்கு? நாலு பேரு மாதிரி இருக்கக் கத்துக்கிட்டாத்தான ஊரு வுடும்?”

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற விமர்சனம் எதுவும் யோக்கியமானதில்லை. பெற்றவள் பயம் பொய்யில்லை. பல் தேய்க்கவும் கக்கூஸ் போகவும் ரோட்டில் ஓடாமல் இருக்கவும் பிள்ளை கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவள் பயப்படுவது பிள்ளையைப் பார்த்து இல்லை, ஊரைப் பார்த்து. ஊர் விடாது என்பதால் பிள்ளையை மாற்று என்பது, ஊர் தொடாது என்பதால் நீ சுத்தமாக இரு என்று நமக்குச் சொன்ன அதே அறிவுரை. மண்டையை மோதுகிறவன் எதையோ சொல்கிறான். பல்வலியா, சத்தமா, பசியா என்று கேட்பதற்குப் பதில் மோதாதிருந்தால் மிட்டாய் என்பது வாயை அடைக்கிற வேலை. பேச்சு வராத பிள்ளைக்குப் பட அட்டை, எழுத்துப் பலகை, டேப்லெட் என்று சொல்ல வழி உண்டு. முதலில் ‘வேண்டாம்’ என்ற அட்டையைக் கொடுத்து, அவன் அதை எடுத்தால் நாம் நிறுத்த வேண்டும். சத்தத்தைக் குறைக்க வேண்டும். கை பறக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? எங்க அம்மா இதைப் படிக்காமலே செய்கிறது. பனைநாரை முறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு ஆடு ஓட்டக் கூட்டிப் போகும். அவன் நாரை உதறிக்கொண்டே பின்னால் நடப்பான். அவன் மண்டையை மோதிக்கொள்ளாத நேரம் அதுதான். இதற்கு யாரும் டிக் போட்டதில்லை.

நம் பக்கமும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேடையில் எதிரியைத் திட்ட ‘செவிடன்’, ‘ஊமை’, ‘கிறுக்கன்’, ‘லூசு’ என்று கூசாமல் சொல்கிறோம். நம் சுவரொட்டியில் நிமிர்ந்து நிற்கிற உடம்பு எப்போதும் முறுக்கேறிய, குறையில்லாத ஆம்பளை உடம்பு. சேரியில் ஆட்டிசப் பிள்ளை இருக்கிற வீடு எத்தனை என்று எந்த இயக்கமாவது எண்ணியிருக்கிறதா? ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்களே பேசத் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. ஜிம் சின்கிளேர் 1993இலேயே பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். கனடாவில் மிஷல் டாசன் 2004இல் நடத்தையியலாளர்களின் ஒழுக்கத்தையே கேள்வி கேட்டு எழுதினார். நம்மைப் பற்றி நாமே எழுதுவோம் என்று தொடங்கிய நமக்கு அந்தக் குரல் அந்நியமாக இருக்க முடியாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை உள்ளடக்கியது. சித்திரவதையிலிருந்தும் இழிவாக நடத்தப்படுவதிலிருந்தும் காக்கும் கடமையை அதன் 6ஆம் பிரிவு அரசுக்குத் தருகிறது. பசியைக் கருவியாக்குவதும், கையைப் பிடித்து அழுத்துவதும் இந்தப் பிரிவுக்குள் வருமா வராதா என்று நாம் கேட்க வேண்டும். தனியார் சென்டர்களில் கதவை மூடிக்கொண்டு என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் பார்க்கிற உரிமை வேண்டும். கண்காணிப்புக் குழு என்று ஒன்று வந்தால் ஆட்டிசம் உள்ளவர்களும் சேரித் தாய்மார்களும் அதில் உட்கார வேண்டும். அரசு மையமானாலும் இதேதான்.

போன வாரம் அக்கா பையனுக்கு நாலு இட்லி ஊட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். சென்டரில் கேட்டார்களாம். “சாப்புட்டுத்தான் மேடம் வந்திருக்கான். எங்க புள்ளைய பசியோட எங்கயும் அனுப்ப மாட்டோம்” என்றாளாம். அடுத்த மாசம் அங்கே அனுப்புவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது. அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் தனியாக முடிவு செய்யும்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் தோழர்களே, இதை எழுதுகிறேன்.